கெட்டிமேளத்துக்குக் காத்திருந்த கேமரா

எங்கள் வீட்டு ஆல்பங்களைப் புரட்டுகிறவர்களுக்கு எனக்கும் அந்தக் குடும்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் தோன்றும். தம்பி பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்குகிறான். அப்பா துறைமுகத்தில் தான் ஓட்டிய கிரேன் முன்னால் விறைப்பாக நிற்கிறார். பெரியம்மா குடும்பம் தீபாவளிக்குப் புதுச்சேலை மடிப்புக் கலையாமல் வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. நான் எங்கும் இல்லை. சாயங்கால வெயிலில் எடுத்த ஒன்றிரண்டு படங்களில் மட்டும் தரையில் என் நிழல் நீண்டு கிடக்கும். கேமரா என்னுடையது. பூன் லே பக்கத்துத் தொழிற்சாலையில் சேர்ந்து முதல் போனஸில் வாங்கியது. வாங்கின அன்றைக்கே நான் படத்திலிருந்து வெளியேறிவிட்டேன் என்பது எனக்கு அப்போது தெரியாது.

எழுபதுகளின் கடைசி அது. சிராங்கூன் ரோட்டுக் கடைவீட்டின் மாடி அறையை விட்டு ஆங் மோ கியோவின் புது அடுக்குமாடி வீட்டுக்கு மாறியிருந்தோம். அம்மாவுக்குப் புது வீட்டைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அப்பா, தம்பி, நான் என்று மூன்று பேர்தான். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்துவிடும். தீவின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தூங்கி வழிந்துகொண்டே போய், நாள் முழுக்க டேப் ரெக்கார்டர்களைச் சோதித்துவிட்டு வருவேன். எனக்கு அந்த வேலை பிடிக்கும். இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் பாவம் என்பதுபோல் பார்ப்பார்கள். முப்பதைத் தாண்டியும் கல்யாணமாகாத பெண் வேலை பிடிக்கும் என்று சொன்னால், மனசைத் தேற்றிக்கொள்கிறாள் என்றுதான் அவர்களுக்கு அர்த்தம்.

எனக்கு மாப்பிள்ளை பார்க்காமல் இல்லை. அப்பா சில வருஷங்கள் ஜாதகக் கட்டை மேல்சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். வந்து பார்த்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஒரு கட்டத்தில் அப்பா அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். நானும் கேட்கவில்லை. அதைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை கிடையாது. வலிக்கவில்லை என்றால் பொய். ஆனால் எந்நேரமும் வலித்துக்கொண்டிருந்தது என்று யாராவது நினைத்தால் அதுவும் பொய்தான். தம்பிக்குப் பெண் அமைந்தபோது, எனக்காகக் காத்திருக்க வேண்டாம், நாள் பாருங்கள் என்று சொன்னது நானேதான்.

நாள் குறித்தாகிவிட்டது. தேக்காவில் உள்ள கோயில் ஒன்றில், ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம். செம்பவாங்கிலிருந்து பெரியம்மா வந்தார். அப்பாவின் அண்ணன் மனைவி. அம்மா போனபிறகு எங்கள் வீட்டு நல்லது கெட்டதுகளுக்கெல்லாம் அவர்தான் முன்னால் நிற்பவர். கூடவே அவருடைய மகளும் வந்திருந்தாள். எனக்கு அக்கா முறை.

எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை தாலியின் முதல் முடிச்சைத்தான் போடுவான். மற்ற இரண்டையும் அவனுடைய சகோதரி பெண்ணின் பின்னால் நின்று போடுவாள். நாத்தனார் முடிச்சு என்று பேர். என் தம்பிக்கு நான் ஒருத்திதான் சகோதரி. அதனால் அதில் பேச என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன். பெரியம்மா காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"முடிச்சை அக்கா போடட்டும்மா. நீதான் போட்டோ எடுக்கணுமே. உன்னை விட்டா யாரு எடுப்பா?"

"தம்பிக்குக் கூடப் பொறந்தவ நான்தானே பெரியம்மா?"

"அதுக்கில்ல லா. அந்த நேரத்துல நீ ரெண்டு இடத்துல நிக்க முடியுமா? தாலி கட்டுற படம் இல்லாம என்ன ஆல்பம்? அவளும் ரெண்டு புள்ளை பெத்தவ, ராசியான கை."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் காப்பியோடு சேர்த்து விழுங்கப் பார்த்தார். ஆனால் எனக்குக் கேட்டுவிட்டது. கல்யாணமாகாதவள் முடிச்சுப் போடக் கூடாது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நான் சண்டை போடுகிறவள் என்பது அவருக்கும் தெரியும். அதனால் என் கேமராவையே எடுத்து எனக்கு எதிரே வேலி கட்டிவிட்டார். அப்பாவைப் பார்த்தேன். அவர் தமிழ்ப் பேப்பரை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். பக்கம் புரளவே இல்லை.

சரி, வேலியை எடுத்துவிட வேண்டியதுதான் என்று கிளம்பினேன். தேக்காவில் இருந்த ஸ்டூடியோக்கள் எல்லாம் ஏறி இறங்கினேன். அன்றைக்குப் பெரிய முகூர்த்த நாள். படம் எடுக்கிறவர்கள் எல்லோரையும் எப்போதோ பேசி வைத்துவிட்டார்கள். அக்காவின் புருஷன் நான் எடுக்கிறேன் என்று முன்வந்தார். அவர் ஏற்கெனவே ஒரு தடவை என் கேமராவை வாங்கி எடுத்த பிறந்தநாள் படங்களில் கேக் நன்றாக வந்திருந்தது. கேக்கைச் சுற்றி நின்றவர்களுக்குத்தான் தலை இல்லை. கேமராவில் தானாக எடுக்கும் வசதி உண்டு. அதை முடுக்கிவிட்டு ஓடி வந்து நிற்கலாம். குடும்பமாக உட்கார்ந்து எடுக்கும் படத்துக்கு அது சரி. ஐயர் எந்த மந்திரத்தை எப்போது முடிப்பார் என்று யாருக்குத் தெரியும்?

"பொம்மை காரோட ரிமோட்டை வச்சு அழுத்த முடியாதா அக்கா?" என்றான் தம்பி. மாப்பிள்ளைக்கு வேறு கவலை இல்லை போலிருக்கிறது. ரிமோட்டை அழுத்த ஒரு கை வேண்டும். டார்ச் அடித்து வெளிச்சத்தால் இயக்குவது என்றாலும் ஒரு கை வேண்டும். என் இரண்டு கைகளும் அந்த நேரத்தில் மஞ்சள் சரட்டில் அல்லவா இருக்க வேண்டும்? எனக்கு வேண்டியது கையே இல்லாமல் நடக்கிற ஒரு காரியம்.

அது என் கண்ணெதிரே கன்வேயரில் தினமும் போய்க்கொண்டிருந்தது. எங்கள் தொழிற்சாலையில் அப்போது ஒரு புது வகை டேப் ரெக்கார்டர் வந்திருந்தது. பேச்சுக் குரல் கேட்டால் தானாக ஓடும், குரல் நின்றால் தானாக நிற்கும். அதன் முன்னால் உட்கார்ந்து நாள் முழுக்க "ஹலோ, ஹலோ" என்று சொல்வதுதான் எனக்குச் சம்பளம். ஒரு மத்தியானம் ஹலோ என்று வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தை அங்கே இருக்கிற யாருமே கண்ணால் பார்ப்பதில்லை. முன்னால் நிற்கிறவர்களின் முதுகுதான் தெரியும். கெட்டிமேளம் கேட்டதும் கையிலிருக்கும் அட்சதையை எறிகிறார்கள். அத்தனை ஜனமும் காதால் கேட்டுத்தான் கையை வீசுகிறது என்றால், என் கேமராவும் காதால் கேட்கட்டுமே?

சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் தரையில் விரித்துப் போட்டிருந்த குப்பையில் குந்தி உட்கார்ந்து வேண்டியதைப் பொறுக்கினேன். உடைந்த ரெக்கார்டரிலிருந்து ஒரு மைக், சில டிரான்சிஸ்டர்கள். ஷட்டரை அழுத்துவதற்கு ஒரு விரல் வேண்டும். அதற்குத்தான் பெரிய யோசனையாக இருந்தது. கடைசியில் எங்கள் வீட்டு வாசல் மணியைக் கழற்றினேன். அந்த டிங்டாங் மணிக்குள்ளே ஒரு இரும்புக் குச்சி இருக்கும். கரண்ட் வந்தால் சடக்கென்று பாய்ந்து தகட்டை அடிக்கும். தகட்டுக்குப் பதிலாக அது கேமராவின் ஷட்டர் கம்பியை இடிக்கும்படி ஒரு மரப்பெட்டிக்குள் பொருத்தினேன். வீட்டுக்கு வந்தவர்கள் அதன்பிறகு கதவைத் தட்ட வேண்டியதாயிற்று.

பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஃபிலிம் போடாத கேமராவோடு சோதித்தேன். கை தட்டினால் அழுத்தியது. பிரமாதம். குக்கர் விசிலுக்கும் அழுத்தியது. பக்கத்து வீட்டுச் சீனக் கிழவிகள் மாஜோங் கட்டைகளைக் கவிழ்த்ததற்கும் அழுத்தியது. அப்பா இருமினார், அதற்கும் அழுத்தியது. அப்பா கேமராவைப் பார்த்து, "என்னைப் போய் ஏன்மா எடுக்குது?" என்றார். வெகுநாள் கழித்து அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

அதற்கும் ஒரு வழி செய்தேன். கெட்டிமேளம் இருமலைப்போல ஒரு நொடியில் அடங்கிவிடுகிற சத்தம் இல்லை. தொடங்கினால் விடாமல் கொட்டும். ஆகவே சத்தம் கேட்டதும் நேராக மணிக்குப் போகாமல் நடுவில் கரண்டைச் சேர்த்துவைக்கிற ஒரு கெபாசிட்டர் நிரம்பட்டும் என்று வைத்தேன். குடம் நிரம்பினால்தானே வழியும்? இருமலுக்கும் கைதட்டலுக்கும் அது நிரம்பாது. பெரும் சத்தம் ஒரு மூச்சு நேரம் நீடித்தால்தான் நிரம்பும். அதில் இன்னொரு லாபமும் இருந்தது. மேளம் தொடங்கும்போது மாப்பிள்ளை அப்போதுதான் குனிவான். ஒரு மூச்சு கழித்துத்தான் அவன் கை கழுத்துக்குப் போகும், அட்சதையும் காற்றில் இருக்கும். படம் அப்போது விழுந்தால் போதும்.

ஆனால் நாதஸ்வரமும் தவிலும் காலையிலிருந்து வாசித்துக்கொண்டேதானே இருக்கும்? சும்மா வாசிப்பதற்கும் கெட்டிமேளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஆங் மோ கியோவில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. முந்தின ஞாயிற்றுக்கிழமை அதே கோயிலில் யாருடைய கல்யாணமோ நடந்தது. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, கேமராவுக்குப் பதிலாக ஒரு சின்ன பல்பை மாட்டிய பெட்டியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தவில்காரருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பைக்குள்ளே தலையை விட்டுப் பார்த்துக்கொண்டே எவ்வளவு சத்தத்துக்கு இயங்க வேண்டும் என்பதற்கான குமிழைத் திருகினேன். ஓர் அம்மாள் வெகுநேரம் என்னையே கவனித்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

"மேளத்து வீடு" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் தவில்காரரைப் பார்த்தார். தவில்காரர் என்னைப் பார்த்தார். கெட்டிமேளம் முழங்கியது, ஒரு மூச்சு கழித்து பைக்குள் பல்பு பளிச்சென்று எரிந்தது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. முன்பின் தெரியாத அந்த மணமக்களை நோக்கி நான் எறிந்த அட்சதைபோல மனமார்ந்த வாழ்த்து அன்றைக்கு யாரும் போட்டிருக்க மாட்டார்கள். அந்த அம்மாள் என்னை விடாமல் இழுத்துப் போய்ப் பந்தியில் உட்காரவைத்து, இரண்டாம் தடவையும் பாயசம் ஊற்றினார்.

வீட்டுக்கு வந்து பெரியம்மாவுக்கு டெலிபோன் செய்து சொன்னேன். கேமரா தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், முடிச்சு நான்தான் போடுவேன் என்று. "மிஷினை நம்பி நல்ல காரியத்துல இறங்குறியே" என்றார். வேறு காரணம் கைவசம் இல்லாததால் அதோடு விட்டுவிட்டார்.

கல்யாணத்தன்று மணவறைக்கு எதிரே ஒரு பெஞ்சின்மேல் முக்காலியை ஏற்றி, ஜனங்களின் தலைக்கு மேலே கேமராவை நிறுத்தினேன். மைக்கை நீண்ட ஒயரில் தவிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். போன வாரத்துத் தவில்காரரேதான். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "நம்ம வீட்டுப் பொண்ணு வந்திருச்சு" என்று நாதஸ்வரக்காரரிடம் சொன்னார். சடங்குகளைக் கையாலேயே படம் எடுத்துக்கொண்டு வந்தேன். ஐயர் தாலியைத் தேங்காயின்மேல் சுற்றித் தட்டில் வைத்து, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்கக் கொடுத்து அனுப்பினார். இனிமேல் நான் மேடையில் இருந்தாக வேண்டும். ஃபிலிமைச் சுற்றி, ஃபிளாஷைப் போட்டு, பெட்டியின் சுவிட்சைத் தட்டினேன். என் கேமராவில் ஒரு படம் விழுந்தால் அடுத்ததற்குக் கட்டைவிரலால் ஃபிலிமைத் தள்ளியாக வேண்டும். ஆகவே பெட்டிக்கு ஒரே ஒரு வாய்ப்புதான். அது போதும் என்று இறங்கி, மேடை விளிம்பில் கூட்டத்தைப் பார்த்தபடி போய் நின்றேன். எனக்குப் பின்னால் மணமக்கள். தம்பிக்குப் பக்கத்தில், எனக்கு ஓர் எட்டில், அப்பா பட்டு வேட்டியில் கூச்சமாக நின்றுகொண்டிருந்தார்.

தட்டைச் சுமந்துபோனது அக்கா. அதற்குச் சுமங்கலிதான் வேண்டும் என்று பெரியம்மா சொன்னபோது நான் வாய் திறக்கவில்லை. பெரியதை வாங்கினவள் சின்னதை விட்டுக்கொடுக்கலாம். அவளும் வரிசை வரிசையாகப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். மேடையடியில் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தது. கிட்டே வர வர அவள் மூக்கு விடைத்தது, கண் செருகியது.

"பிடி, பிடி" என்று தாலித் தட்டை என் கையில் திணித்துவிட்டு, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு ஒரே ஒரு தும்மல் போட்டாள். கோயில் அதிர்ந்தது.

ஒற்றைத் தும்மல். அதுவும் தாலி மேடையேறும் நேரத்தில். மேடையோரத்தில் இருந்த பெரியம்மாவின் முகம் வெளிறியதைப் பார்த்தேன். அபசகுனச் சத்தம் மணமக்களின் காதில் விழாமல் அமுக்க நம் ஆட்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். சொந்த மகளின் தும்மல் என்பதால் பதற்றம் இன்னும் அதிகம். ஆள்காட்டி விரலைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டு, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்தினார்.

விரலைப் பார்த்தால் தவில்காரர் யோசிக்க மாட்டார். அது அவர் தொழில். தவில் இடித்தது, நாதஸ்வரம் உச்சிக்கு ஏறியது. ஐயோ என்று நான் கேமராவைப் பார்த்து வாயைத் திறந்தேன். அங்கே குடம் நிரம்பிக்கொண்டிருப்பது எனக்கல்லவா தெரியும்? மண்டபம் முழுக்க எழுந்து நின்று அட்சதையை எறிந்தது. மஞ்சள் அரிசி சடசடவென்று என் தலையில், தோளில், கையிலிருந்த தாலியின்மேல் கொட்டியது. பளீரென்று ஃபிளாஷ் அடித்தது.

மேளம் நின்றபோது ஐயர் எழுந்தே விட்டார். "இன்னும் தாலியே கட்டலையே! யார் சொன்னா?" என்றார். யாரும் பெரியம்மாவைப் பார்க்கவில்லை. பெரியம்மா யாரையும் பார்க்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் சிரித்தார், அது தொற்றிக்கொண்டு முன்வரிசை வரைக்கும் வந்தது. என் தலைமுடியில் அரிசியோடு, கையில் தாலியோடு நான் நின்றேன். எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அப்போது நிலம் பிளந்தால் தேவலை என்றிருந்தது.

பெரியம்மா கிட்டே வந்து என் கையிலிருந்து தட்டை வாங்கி ஐயரிடம் கொடுத்தார். குரல் இறங்கியிருந்தது. மிரட்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே படம் போய்விடுமே என்ற பதைப்பில்தான் சொன்னார்.

"போம்மா, ஓடிப்போய் உன் மிஷினைச் சரி பண்ணு. அது மறுபடியும் எடுக்கணும்ல? நேரம் போகுது, முடிச்சை அக்கா போடட்டும்."

கேமரா கூப்பிடுதூரத்தில்தான் இருந்தது. ஆனால் நடுவில் எல்லோரும் எழுந்து நின்று கீழே கொட்டிய அரிசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தைத் தாண்டிப் போய், பெஞ்சில் ஏறி, ஃபிலிமைத் தள்ளிவிட்டுத் திரும்பி வருவதற்குள் ஐயர் காத்திருக்க மாட்டார். நல்ல நேரம் முடியப்போகிறது என்று அவர் ஏற்கெனவே தம்பியின் கையில் தாலியைக் கொடுத்துக்கொண்டிருந்தார். போனால் படம் கிடைக்கும். போகாவிட்டால் தம்பி தாலி கட்டும் படம் எந்தக் காலத்திலும் கிடையாது. ஆல்பத்தில் வெறும் நிழலாகவே இருந்து இருந்து எனக்குக் கால் தானாகவே கேமரா பக்கம் திரும்பியது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஒரு காலைக் கீழே வைத்தும் விட்டேன்.

தம்பி தாலியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். சின்ன வயதில் என் பின்னால் பஸ்ஸில் ஏறும்போது பார்ப்பானே, அப்படிப் பார்த்தான்.

"படம் வேணாம் பெரியம்மா" என்றேன். "முடிச்சு நான்தான்."

காலை எடுத்து மேடைமேல் வைத்தேன். பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றேன். இரண்டாவது கெட்டிமேளம் முழங்கியது. தம்பி முதல் முடிச்சைப் போட்டு, சரட்டை என் விரல்களில் விட்டான். மஞ்சள் ஈரத்தில் சரடு வழுக்கியது. பெண்ணின் கழுத்து வியர்த்துச் சூடாக இருந்தது. இரண்டாம் முடிச்சை இறுக்கினேன், மூன்றாம் முடிச்சை அதைவிட இறுக்கினேன். எங்கேயோ பெட்டிக்குள் வாசல் மணியின் குச்சி பாய்ந்து, சுற்றப்படாத கேமராவைச் சும்மா இடித்திருக்கும். வெளிச்சம் வரவில்லை. வரவில்லை என்பதை நினைத்தபோது முதுகுப்பக்கம் ஏதோ லேசாகிவிட்டது.

ஃபிலிமைத் தேக்காவில் கழுவக் கொடுத்தேன். ஸ்டூடியோக்காரர் கவரை நீட்டும்போது, "தாலி கட்டுறது வரலியே" என்று வருத்தமாகச் சொன்னார். அக்காவின் புருஷனும் தன் சின்னக் கேமராவில் ஒன்று தட்டியிருந்தார். அதில் ஐயரின் முதுகு மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது. பெரியம்மா வந்து ஆல்பத்தை முன்னும் பின்னுமாகப் புரட்டி, "முக்கியமான படம் எங்க?" என்றார். பதில் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் தம்பியின் மனைவி சமையலறையிலிருந்து தலையை நீட்டினாள்.

"என் கழுத்துல இருக்குது பெரியம்மா. அண்ணி போட்ட முடிச்சு, அவிழ்க்கவே முடியல" என்றாள்.

பெட்டி எடுத்த அந்த ஒரே படத்தை நான் ஆல்பத்தில் ஒட்டவில்லை. யாருக்கும் காட்டவில்லை. நடுவில் நான். மற்றவர்களைவிட ஃபிளாஷுக்குக் கிட்டே நின்றதால் முகம் வெளுத்து, வாய் திறந்து, கையில் தாலித் தட்டோடு. என்னைச் சுற்றிலும் மஞ்சள் அரிசி காற்றில் நிற்கிறது. ஓரத்தில் பெரியம்மாவின் விரல். கல்யாணப் பெண் நான்தான் என்று யார் பார்த்தாலும் சத்தியம் செய்வார்கள். எனக்குப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. கிழித்துப் போடலாம் என்றுதான் ஒரு சாயங்காலம் வெளியே எடுத்தேன். அப்போதுதான் அப்பாவைக் கவனித்தேன்.

என் தோளுக்குப் பின்னால், தம்பிக்குப் பக்கத்தில் அப்பா நிற்கிறார். கை நீண்டிருக்கிறது. விரல்கள் விரிந்திருக்கின்றன. அவர் கையிலிருந்து கிளம்பிய அரிசி இன்னும் என்மேல் விழவில்லை, பாதி வழியில் இருக்கிறது. மண்டபத்தில் மற்ற எல்லோருக்கும் முன்னால் நின்றவர்களின் முதுகு மறைத்தது. அப்பாவுக்கு மறைக்க ஒன்றுமில்லை. தம்பி சும்மா உட்கார்ந்திருப்பதும், தாலி என் கையில் இருப்பதும் ஓர் எட்டில் அவர் கண்முன்னே நடந்தது. அவருடைய முகம் மணமக்கள் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்க்கிறார்.

அப்போது அவர் வாசலில் ஸ்டூல்மேல் ஏறி நின்று, நான் பெட்டியிலிருந்து கழற்றிக் கொடுத்த மணியைத் திரும்பச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தார். படத்தை நீட்டினேன்.

"அப்பா, தாலி இன்னும் கட்டலன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு படத்தை வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டே வைத்துப் பார்த்தார்.

"தெரியும்" என்றார்.

"அப்புறம் ஏன் போட்டீங்க?"

அப்பா இருமினார்.

"உன் மேல போடணும்னு எத்தனையோ வருஷமா கையில வச்சிருந்தேன்மா" என்றார். "மேளமும் அடிச்சுது. போட்டுட்டேன்."

பிறகு படத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, வெளியே போய் மணி அடிக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். அடித்தது.